தூக்கின் மூன்றாவது அடுக்கு

எங்கள் வீட்டில் சாப்பிட ஆள் இரண்டே பேர். சாப்பாட்டுத் தூக்குகளோ கூடத்தை நிறைத்து, சமையலறையில் பாதியைப் பிடித்து, கட்டிலுக்கடியிலும் குடியேறியிருந்தன. என் வீட்டுக்காரருக்கு நகராண்மையில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கால் வைக்க இடம் தேடிக்கொண்டே, “இன்னைக்கு எனக்குப் படுக்க இடம் இருக்கா, இல்ல நானும் ஒரு அடுக்குக்குள்ள ஏறிக்கணுமா?” என்பார். “ஏறிக்கோங்க, மூடியை நான் போட்டுர்றேன்” என்பேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவே துள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லாருக்கும் எல்லாமே புதுசாக வேண்டும். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணிக்கடைக்காரர்கள் வாசலிலேயே புதுக் கொடித்துணியைத் தொங்கவிட்டார்கள். பாத்திரக்கடைகளில் பளபளவென்று அலுமினியத் தூக்குகள் வந்து இறங்கின. அதைப் பார்த்ததும் எங்கள் காஜா பெராங் பக்கத்துப் பெண்கள், வீட்டில் அதுவரை மரியாதையாக இருந்த எனாமல் தூக்குகளை, பூப்போட்ட அந்த மங்குத் தூக்குகளை, கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என்ன பூ, என்ன நிறம்! கோழிக்கு எதற்கு ரோஜாப்பூ?

அப்படித்தான் நான் சேர்க்க ஆரம்பித்தேன். குறுக்குக் கம்பி இல்லாத ஒரு பெண்கள் சைக்கிள் என்னிடம் இருந்தது. பின்னால் பெரிய மூங்கில் கூடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்து சந்தாகப் போவேன். பழைய தூக்கைக் கொடுத்தால் அதற்கு ஈடாக நான் ஒரு பொருள் கொடுப்பேன். அந்தப் பொருளும் பழைய தூக்கிலிருந்து வந்ததுதான். ஒருநாள் அடியில் ஓட்டை விழுந்த அடுக்கு ஒன்றை என் வீட்டுக்காரர் குப்பையில் போடப் போனார். “ஒரு ஓட்டை இருந்தாத்தானே குறை? நிறைய ஓட்டை போட்டா இடியாப்பத் தட்டு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் அடுக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஆணியையும் சுத்தியலையும் எடுத்துவந்தார். ஈரத்துணியை மடித்து அடியில் வைத்து அடித்தால் பூச்சு அதிகம் தெறிக்காது. பிறகு அரத்தால் உரசிவிடுவார். அந்தத் தட்டுகளுக்கு நடந்த போட்டியைப் பார்க்க வேண்டுமே! மலாய்க்காரப் பெண்கள் புட்டு அவிக்க வாங்கினார்கள், நம்மவர்கள் இடியாப்பத்துக்கு வாங்கினார்கள். மூடிகள் சுவரில் மாட்டும் விளக்குத் தட்டுகளாயின. கைப்பிடிச் சட்டங்களில் மூன்று பூந்தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டுக் கொடுத்தேன்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். முழுத் தூக்கை ஒருபோதும் பிரிக்க மாட்டேன். துணை இழந்து தனியாக வந்த அடுக்குக்குத்தான் ஆணி. முழுசாக இருப்பதைத் துடைத்து, கொக்கிக்கு எண்ணெய் போட்டு, முழுசாகவே விற்பேன். அதை ஓட்டை போடக் கேட்டவர்களிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தமிழர் வீடோ மலாய்க்காரர் வீடோ செட்டிமார் வீடோ, பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஏதாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது இருக்கும். நான் வாங்கிவந்த ஓட்டைத் தூக்குகளில்கூடச் சிலர் பழக்கதோஷத்தில் ஒரு பிடி சீனி போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் அது ஓட்டை வழியாக காஜா பெராங் ரோடு முழுக்கச் சிந்திவிடும். ஆனால் இதெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்களுக்குத்தான். சொந்த வீட்டு ஆட்களுக்குள் யார் இதைப் பார்க்கிறார்கள்? கட்டிக்கொடுத்த மகள் அம்மா வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வெறுமனே டொங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி கம்போங் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட செட்டிமார் குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டில் ஒரு அம்மா இருந்தார். கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு, மலாயில் பேசுவார். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சுதான் வேறு. நான் அவரை மக்சிக் என்று அத்தை முறை வைத்துக் கூப்பிடுவேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள். மெர்டேக்கா முடிந்த மறுவாரம் அவளுக்குக் கல்யாணம்.

ஒருநாள் மக்சிக் என் சைக்கிளை நிறுத்தி உள்ளே கூப்பிட்டார். அலமாரியைத் திறந்து ஒரு தூக்கை எடுத்து வைத்தார். அத்தனை தூக்கு பார்த்தவள் நான், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பச்சை நிறம், அடியிலிருந்து ஒரு கொடி புறப்பட்டு அடுக்கு அடுக்காக ஏறி, மூடியில் போய்ச் சிவப்பாகப் பூக்கிறது. ஆனால் நடுவில் கொடி அறுந்திருந்தது. கீழிருந்து மூன்றாவது அடுக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தார், இல்லாவிட்டால் கொக்கி விழாது.

“என் கல்யாணத்துக்கு என் அம்மா கொடுத்தது” என்றார் மக்சிக் மலாயில். “மகளோடு இதைத்தான் அனுப்ப வேண்டும். கட்டையோடு எப்படி அனுப்புவேன்? கடையில் போய் அந்த வெள்ளைத் தகரத்தை வாங்கி அனுப்பவா?”

வெள்ளைத் தகரம் என்றது அலுமினியத்தை. அந்த ஒரு சொல்லிலேயே நான் அவர் கட்சிக்குப் போய்விட்டேன்.

“மூணாவது எங்க போச்சு, மக்சிக்?”

ஜப்பான்காரன் காலத்தில் போனது என்றார். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்ற நாளில், ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் கைக்குழந்தையோடு பின்வாசலில் வந்து நின்றாளாம். வீட்டில் ஒளித்து வைத்திருந்த அரிசியில் கொஞ்சம் அந்த அடுக்கில் போட்டு, “அடுக்கைத் திருப்பிக் கொண்டுவா” என்று கொடுத்திருக்கிறார். அவள் வரவே இல்லை.

“அதையும் விற்றுச் சாப்பிட்டிருப்பாள். சாப்பிட்டாளே, அது போதும்” என்றார். கோபமே இல்லை அவருக்கு. ஆனால் கையை அந்த மரக்கட்டை மேலிருந்து எடுக்கவும் இல்லை.

“விற்றிருந்தால் எங்கேயாவது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் கொண்டுவந்து தருகிறேன்” என்று நான் சொல்லிவிட்டேன். கொடியை ஒரு தாளில் பார்த்து வரைந்தேன், அடுக்கின் வாயைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், “மலாக்கா கடல்ல போட்ட மோதிரத்தையும் தேடித் தர்றேன்னு சொல்லியிருக்கலாமே” என்றார். நான் அன்று அவருக்கு ரசம் மட்டும் வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த வெறியைச் சொல்லி முடியாது. காயலான் கடை ஒன்று விடவில்லை. சீனக் கிழவர் ஒருவரின் கடையில் தகரக் குவியலுக்குள் இடுப்பளவு இறங்கித் தேடினேன். அவர் என்னைத் திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் கோப்பி வாங்கிக் கொடுத்தார். ஊரில் ஒவ்வொரு நாளும் ஒரு புது வளைவு முளைத்தது, தென்னங்குருத்தும் கொடியும் காகிதச் சங்கிலியுமாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுத்து நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நான் மணியடித்துக்கொண்டு பறப்பேன். நாட்டுக்கு ஒரு நாள் குறித்திருந்தது, எனக்கும் ஒரு நாள் குறித்திருந்தது. இரண்டில் எது முதலில் கைக்கு வரும் என்ற படபடப்பு எனக்கு.

புக்கிட் ரம்பாயில் ஒரு வீட்டில் வாத்துகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அடுக்கில் பச்சை நிறத்தையும் கொடியையும் பார்த்தேன். ‘ஐயோ!’ என்று கத்தியதில் வாத்துகள் சிதறி ஓடின. கயிற்றை எடுத்து அளக்கக்கூடத் தோன்றாமல், என் இடியாப்பத் தட்டு இரண்டைக் கொடுத்துவிட்டு, வெயிலில் ஒரே மிதியாக மிதித்து வந்தேன். மக்சிக் வீட்டில் வைத்துப் பார்த்தால் நகக்கண் அளவு பெரிது. கொடியும் எதிர்ப்பக்கம் திரும்பியது. மக்சிக் பசியாறச் சொல்லி எனக்குத் தட்டு வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அழுகையை மறைக்கக் கோபப்பட்டேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர், “அரத்தால் ராவிடலாம், கொடியை வரைஞ்சிடலாம்” என்றார். “உங்க மீட்டரை ராவுங்க!” என்று கத்தினேன்.

மெர்டேக்கா வந்தது. திடலில் கூட்டத்தோடு நின்று நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள், நானும் கட்டிப்பிடித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அது. வீடு திரும்பும்போது மட்டும் அந்த மரக்கட்டை ஞாபகம் வந்து குத்தியது. கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது.

மறுநாள் புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போனேன். ஏறு மிதி, ஆள் குறைவு, வழக்கமாக நான் போகாத பக்கம். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கும் ஓர் அக்கா என் மணிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். இடியாப்பத் தட்டைத் தட்டிப் பார்த்து, “நல்லாருக்கே. பழைய சட்டி ஒன்னு இருக்கு, எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டார். எடுத்துவர உள்ளே போனார். திறந்திருந்த கதவு வழியாக நான் சும்மா எட்டிப் பார்த்தேன்.

சாமி படங்களுக்குக் கீழே, விளக்கு பக்கத்தில், பச்சையாக அது உட்கார்ந்திருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்விட்டேன். கயிற்றை எடுத்து அடுக்கின் வாயில் வைத்துப் பார்த்தேன். முடிச்சுக்கு முடிச்சு சரியாக நின்றது. கொடி இடதுபக்கம் கீழிருந்து நுழைந்து வலதுபக்கம் மேலே போனது. அதன் வாய் நிறைய அரிசி.

“அக்கா, இது எனக்கு வேணும்! என்ன வேணும்னாலும் கேளுங்க. முழுத் தூக்கே தர்றேன். ரெண்டு தர்றேன்!”

அந்த அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி இருந்த இடத்தில் வைத்தார். “அது விக்கிறதுக்கு இல்லம்மா.”

“மூணு தர்றேன்!”

“என்னோடதா இருந்தாத்தானே விக்கிறதுக்கு? அது திருப்பிக் குடுக்க வேண்டியது.”

விற்றுச் சாப்பிட்டிருப்பாள் என்று மக்சிக்கும் நினைத்தார், நானும் நம்பி ஊரிலிருந்த காயலான் கடையெல்லாம் குடைந்தேன். விற்கலாம் என்ற நினைப்பே இல்லாத ஒருவர் இங்கே அதற்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

மீதியை நான் கேட்காமலே சொன்னார். புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர் திரும்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்திலிருந்து நடந்தே வந்தபோது செட்டி வீட்டு அம்மா ஒருவர் அரிசி கொடுத்தார். “மறுநாளே அடுக்கைக் கழுவித் துடைச்சி வச்சேன்மா. உள்ள போட ஒன்னுமே இல்ல. உப்புக்கூட இல்ல. அரிசி குடுத்தவங்க வீட்டுக்கு வெறும் அடுக்கத் தூக்கிட்டு எந்த மூஞ்சோட போறது? அடுத்த வாரம், அடுத்த மாசம்னு போச்சு. சண்டை முடிஞ்சப்புறம் ஒரு தடவை சீனி போட்டு எடுத்துக்கிட்டு அந்தச் சந்து வரைக்கும் வந்தேன். அரிசிக்குச் சீனியான்னு வெக்கமாப் போச்சு, திரும்பிட்டேன். அப்புறம் வருசம் ஆக ஆக, என்னத்தப் போட்டாலும் பத்தாதுன்னு தோண ஆரம்பிச்சிருச்சு.”

அதனால் அடுக்கு வெறுமையாக மட்டும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் புது அரிசி போட்டு வைத்திருக்கிறார். வெறுமையாகக் கொண்டுபோக முடியாமல் போன ஒரே காரணத்துக்காக அந்த அடுக்கு இத்தனை காலம் நிறைந்தே இருந்தது.

எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. “அக்கா, அங்க ஒரு கல்யாணமே இதுக்காக நிக்குது! கிளம்புங்க, சைக்கிள்ல ஏறுங்க!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கல்யாணம் என்றதும் அவர் முகம் மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன், மரக்கட்டை உட்பட. மரக்கட்டையைக் கேட்டதும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, “நாளைக்கு வர்றேன். சமைச்சி எடுத்துக்கிட்டு வர்றேன்” என்றார். நாளைக்கு என்ற சொல்லை அவர் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இப்போது தெரியும். அதனால் விடியும் முன்பே என் வீட்டுக்காரரை எழுப்பி அங்கே போய் நின்றேன். முணுமுணுத்துக்கொண்டே வந்த மனிதர், அடுப்பில் குலா மலாக்கா வெல்லம் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொதிப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டு, பதின்மூன்று வயசில் ஒரு பெண் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை.

கம்போங் செட்டி வாசலில் அந்த அக்காவின் கால் நின்றுவிட்டது. நான் பின்னாலிருந்து தள்ளினேன், பொய் சொல்லவில்லை, இரண்டு கையாலும் தள்ளினேன்.

மக்சிக் பின்வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதலில் ஆளைத் தெரியவில்லை. அந்த அக்கா துணிமூட்டையை அவிழ்த்ததும், பொங்கல் நிறைந்த பச்சை அடுக்கைப் பார்த்தார். வெங்காயம் உருண்டு ஓடியது.

“அலாமாக்!” என்றார். மலாயில் ‘ஐயோ அம்மா’ என்பது அது.

அந்த அக்காவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். கைகூப்பிக்கொண்டு தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் சொன்னேன். வெறும் அடுக்கைக் கொண்டுவர அவர் வெட்கப்பட்டதையும் சொன்னேன். மக்சிக் முழுசும் கேட்டார். “நான் உன்னிடம் அடுக்கைக் கொண்டுவா என்றுதானே சொன்னேன்? நிறைத்துக் கொண்டுவா என்றா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு, ஓங்கி அழுதார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். இனி மொழிபெயர்க்க எனக்கு வேலை இல்லை.

சர்க்கரைப் பொங்கலை எல்லாரும் சாப்பிட்டோம். கல்யாணப் பெண் ஓடிப்போய்த் தூக்கைக் கொண்டுவந்தாள். மரக்கட்டையை உருவிப் போட்டுவிட்டு, கழுவிய அடுக்கை உள்ளே இறக்கினாள். கொடி அடியிலிருந்து மூடிவரை ஒரே ஓட்டமாக ஏறியது. கொக்கி டக்கென்று விழுந்தது. நான் கை தட்டினேன், என் வீட்டுக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

அப்போது மக்சிக் ஒரு காரியம் செய்தார். கொக்கியைத் திறந்தார். மூன்றாவது அடுக்கை மறுபடி வெளியே எடுத்தார். கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்த பலகாரத்தை அதில் அழுத்தி அழுத்தி நிறைத்து அந்த அக்கா கையில் கொடுத்தார்.

“மக்சிக்! என்ன பண்றீங்க!” நான் அலறிவிட்டேன். இத்தனை நாள் வெயிலில் நான் வறுபட்டது இதற்கா? கல்யாணத்துக்கு நாலே நாள் இருக்கிறது! அந்த அக்காவும் வாங்க மாட்டேன் என்று பின்னால் போனார்.

மக்சிக் என்னை ஒரு பார்வை பார்த்து அடக்கினார். அந்த அக்காவிடம் ஒரு விரலை நீட்டி, “கல்யாணத்தன்று காலையில் மகளோடு வா. முன்வாசல் வழியாக வா. அடுக்கைக் கொண்டுவா, கோசோங். அதில் ஒரு பருக்கை இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்” என்றார். கோசோங் என்றால் வெறுமை. அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அந்த அக்காவுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த நாலு நாளும் நான் புக்கிட் காதில் பக்கம் போகவில்லை. போகக்கூடாது என்று மக்சிக் சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து பார்த்த அடுக்கையெல்லாம் ஓட்டை போட்டேன். “அவங்களால வெறும் அடுக்கைத் தூக்கிட்டு வர முடியாதுங்க. ரத்தத்துலயே இல்லை. மறுபடி வாசல் வரைக்கும் வந்து திரும்பிடுவாங்க” என்று புலம்பினேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கல்யாணத்தன்று காலை. வாசலில் மாவிலை, மேளம், ஊர் முழுக்கச் சொந்தக்காரர்கள். கூடத்தில் சீர்வரிசைக்கு நடுவில் அந்தத் தூக்கு, மரக்கட்டையும் இல்லாமல், நடுவில் பொக்கை விழுந்து நின்றது. பெண்ணை அழைக்க நேரம் ஆகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். மக்சிக் நகரவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன், நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தேன்.

சந்து முனையில் அந்த அக்கா தெரிந்தார். நல்ல சேலை, தலையில் பூ, பக்கத்தில் மகள். நேரே முன்வாசலுக்கு வந்தார். அத்தனை பேர் பார்க்க, அடுக்கை மூடவில்லை, முந்தானைக்குள் மறைக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி, உள்ளே தெரியும்படி முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

மக்சிக் எட்டிப் பார்த்தார். அடி வரைக்கும் பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

“கோசோங்!” என்று மக்சிக் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். கூடத்தைப் பார்த்துத் திரும்பி, “நம் வீட்டு ஆள் வந்தாச்சு, இனி பெண்ணை அழையுங்கள்” என்றார்.